ஸல்ஹா பிழையாகச் சொன்ன சொல்

ஸல்ஹா பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி படிக்கிறாள் என்பது துறைமுகத்தை அடுத்த ஜமாலியாவில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. அரபு என்றால் விளங்கும். இங்கிலீசு என்றால் இன்னும் நன்றாக விளங்கும். உம்மா மைமூனா கேட்பவர்களுக்கெல்லாம், "அதுவும் இங்கிலீசு மாதிரித்தான், எழுத்து ஒண்டு, சத்தம்தான் வேற" என்று சொல்லிவைத்திருந்தாள். வாப்பா ஸெய்னுதீன் மட்டும் அந்த மொழியைக் காதால் கேட்டிருந்தார். துறைமுகத்தில் சாமான் இறக்கும் தொழிலாளருக்கு அவர் கங்காணி. பனாமாவிலிருந்து வந்த கப்பல்களில் எத்தனையோ பேர் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறார்.

அது அவளும் ஆசைப்பட்டு எடுத்த பாடமல்ல. எழுபத்தெட்டில் கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலைப்பிரிவுக்கு இடம் கிடைத்தபோது, வரலாற்றோடு சேர்த்து ஆங்கிலம் படிக்கத்தான் போனாள். அந்த வகுப்பு நிரம்பிவிட்டது. புதிதாகத் தொடங்கிய ஸ்பானிய வகுப்பில் இடம் இருந்தது. மொத்தம் பதினொரு பேர்; தமிழ் பேசுகிறவள் இவள் ஒருத்திதான். படிப்பித்தவர் சிங்கள எஞ்சினியர் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கேயே தங்கிவிட்ட மெக்சிகோ நாட்டுப் பெண். எல்லோரும் செஞ்ஞோரா என்றே கூப்பிட்டார்கள்.

முதல் நாள் செஞ்ஞோரா மேசையைத் தட்டி "மேசா" என்றார். காலில் போட்டிருந்த சப்பாத்தைக் காட்டி "சப்பாத்தோ" என்றார். ஸல்ஹா சிரித்துவிட்டாள். பறங்கிக்காரர் எப்போதோ விட்டுப்போன சொற்கள் ஜமாலியாவில் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. சமையலறையைக் குசினி என்று உம்மா சொல்வதைச் செஞ்ஞோரா "கொசீனா" என்றார். இந்த மொழி தன்னை ஏமாற்றாது என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. முதல் வருடம் முழுக்க வகுப்பில் அவள்தான் முதல்.

இரண்டாம் வருடத்தில் கால் தடுக்கத் தொடங்கியது. முடிந்த இறந்தகாலம் ஒன்று, முடியாத இறந்தகாலம் ஒன்று. நடந்ததை விட்டு, நடந்திருக்கக் கூடியதைச் சொல்வதற்கென்றே தனியாக ஒரு வினை. ரோனியோ இயந்திரத்தில் அடித்த பாடத் தாள்களின் ஓரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் எழுதிவைப்பது அவள் பழக்கம். வைன் செய்யும் ஊர் ஒன்றைப் பற்றிய பாடத்தில் போதெகா என்ற சொல் வந்தது. பொருள்களைச் சேர்த்துப் பூட்டிவைக்கிற இடம் என்றார் செஞ்ஞோரா. அவள் ஓரத்தில் "கிட்டங்கி" என்று எழுதினாள். பிழை சொல்ல ஏதுமில்லை. அந்தப் பாடத்துக்கு அதுதான் பொருள்.

எண்பதாம் ஆண்டு ஓகஸ்டில் மாணவர் தகராறு ஒன்றால் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். ஸல்ஹா தாள்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். அந்த மாதக் கடைசியில் சீனக்குடாப் பக்கம் கோதுமைக் கப்பல் ஒன்று கட்டியிருந்தது. கப்டன் கிரேக்கர், ஆட்கள் பல தேசத்தவர். அவர்களில் பெரு நாட்டைச் சேர்ந்த லெயோன்சியோ, எஃப்ரைன் என்று இரண்டு சகோதரர்களும் இருந்தார்கள். தம்பி எஃப்ரைனுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டது அவனுக்கு விளங்கவில்லை. அவன் சொன்னது டொக்டருக்கு விளங்கவில்லை. கப்பல் முகவரின் கந்தோரில் வேலைபார்த்த ஆனந்தராசா தலையில் கை வைத்தபோது, ஸெய்னுதீன் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்:

"என்ட மகள் அந்தப் பாஷைதான் படிக்கிறா, ஐயா."

ஸல்ஹா போனாள். எந்தப் பல், எத்தனை நாளாக வலி, பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா, எல்லாம் கேட்டுச் சொன்னாள். பல்லைப் பிடுங்கிய பிறகு எஃப்ரைன் பஞ்சைக் கடித்தபடியே, "புத்தகம் பேசுவதுபோலப் பேசுகிறீர்கள்" என்றான். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். வீங்கிய கன்னத்தோடு அவன் சிரித்தது அவளுக்கும் சிரிப்பை வரவழைத்தது. வகுப்புக்கு வெளியே ஒரு மனிதரோடு அவள் அந்த மொழியைப் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து ஆனந்தராசா மறுபடி ஆளனுப்பினார். கரையிறங்கும் அனுமதிக்குப் படிவங்கள் நிரப்ப வேண்டும், ஒரு மணித்தியால வேலை. துறைமுக வாசலுக்கு உள்ளே முகவருக்கு ஒரு சின்ன அறை இருந்தது. ஸல்ஹா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசையில் இருந்து எழுதினாள். வாப்பா வாசல்படியில் நின்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கரையில் வேலை நின்றிருந்தது. கப்டனும் மேலதிகாரிகளும் பட்டணத்துக்குப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் லெயோன்சியோ ஓடிவந்தான். மேலில் சட்டையில்லை. முழங்காலில் இரத்தம்.

"மி எர்மானோ எஸ்தா என் லா போதெகா! நோ கொந்தெஸ்தா!"

ஆனந்தராசா எழும்பினார். "என்ன தங்கச்சி சொல்றான்?"

ஸல்ஹாவுக்கு ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. அதைத்தான் பிறகு அவளால் தாங்க முடியவில்லை. ஒரு சொல் விளங்காமல் போயிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள்.

"இவர்ட தம்பி கிட்டங்கிக்குள்ள இருக்கிறாராம். கூப்பிட்டாப் பேச்சு மூச்சில்லையாம்."

லெயோன்சியோ கையை நீட்டிக் காட்டினான். அவன் கை நீண்ட திசையில் நாலு தகரக் கிட்டங்கிகள் வரிசையாக நின்றன. கப்பல் அவற்றுக்கும் பின்னால் கட்டியிருந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. ஸெய்னுதீன் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். முதல் கிட்டங்கியைத் திறந்தார்கள், ஒருவருமில்லை. இரண்டாவதில் சீமெந்து மூட்டைகளுக்கு இடையே ஆள் புகுந்து தேடினார்கள். மூன்றாவதன் சாவியைக் காணவில்லை. அலவாங்கு கொண்டுவந்து பூட்டை உடைத்தார்கள். லெயோன்சியோவும் அவர்களோடு நின்றான். கயிறோ ஏணியோ மருந்தோ எடுக்கிறார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான். நாலாவதையும் திறக்கப் போனபோதுதான் அவனுக்கு விளங்கியது. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு கத்தினான்.

"பார்கோ! பார்கோ! லா போதெகா தெல் பார்கோ!"

பார்கோ என்றால் கப்பல். பின்னாலேயே வந்து நின்ற ஸல்ஹா வாப்பாவிடம் ஓடினாள்.

"வாப்பா, கப்பலுக்குள்ள! கப்பல்ட அடியறை! நான் பிழையாச் சொல்லிட்டன்!"

கோதுமையில் வண்டு விழாமலிருக்கக் கப்பல் வரும் வழியிலேயே அந்த அடியறைக்கு மருந்துப் புகை போட்டிருந்தார்கள். மூடியை முதல்நாளே திறந்துவிட்டிருந்ததால் அறை சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். அடியில் காற்று அசையாத ஒரு மூலையில் நஞ்சு தங்கிக் கிடந்தது. சாமான் இறக்கும் கயிறு ஒன்று உள்ளே விழுந்துவிட, அதை எடுக்க எஃப்ரைன் இறங்கியிருக்கிறான். தம்பியின் பின்னால் குதிக்கப் போன லெயோன்சியோவைச் சமையல்காரன் பிடித்து இழுத்து, கரைக்குப் போய் ஆள் கூட்டிவா என்று தள்ளிவிட்டிருக்கிறான்.

தொழிலாளர் இருவர் ஈரத்துணியால் வாயை மூடிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு இறங்கினார்கள். எஃப்ரைனை மேலே கொண்டுவந்து கப்பலின் மேல்தட்டில் கிடத்தியபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அதுவும் போய்விட்டது. லெயோன்சியோ முகவரின் அறை வாசலில் ஓடிவந்து நின்றதிலிருந்து தம்பி மேலே வரும்வரை நாற்பது நிமிடம். அதில் இருபத்தைந்து நிமிடம் கிட்டங்கிகளில் போனது.

இறந்துவிட்டான் என்று லெயோன்சியோவுக்குச் சொல்லவும் அவள்தான் இருந்தாள். முதல் வருடப் பாடத்திலேயே இருந்த வினை அது. அதைச் சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலேயே மரண விசாரணை. வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். செவ்வாய்க்கிழமை கப்பல் போகிறது. எனவே ஸல்ஹாவையே கூப்பிட்டார்கள். மைமூனா விடமாட்டேன் என்று கதவை மறித்து நின்றாள்.

"அந்த மனுசன்ட முகத்தில என்னெண்டு முழிப்பாய் புள்ள? ஏலாது எண்டு சொல்லு."

"நான் போகாட்டி அவர் சொல்றத ஆர் உம்மா கேக்கிறது?"

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஆனந்தராசா தனியாக அவளிடம் வந்தார். கெட்ட மனிதரல்ல, களைத்துப் போயிருந்தார்.

"தங்கச்சி, அவன் சொல்றது எல்லாத்தையும் ஒண்டும் விடாமச் சொல்ல வேணுமெண்டில்ல. தம்பி விழுந்தான், ஆக்கள் எடுத்தாங்கள், சரி. உங்களுக்கும் நல்லது, வாப்பாவுக்கும் நல்லது. இஞ்ச ஆருக்கு அந்தப் பாஷை தெரியும்?"

ஸல்ஹா உள்ளே நடந்தாள். யாருக்கும் தெரியாது என்பதுதான் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

லெயோன்சியோ நிதானமாகப் பேசினான். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி அவளுக்கு நேரம் விட்டான். தம்பி ஏன் இறங்கினான், யார் இறங்கச் சொன்னது, எப்போது குரல் நின்றது என்றெல்லாம் சொன்னான். பிறகு ஒரே மூச்சில் நீளமாக ஒன்றைச் சொன்னான். நேராக வந்திருந்தால் என் தம்பி உயிரோடு இருந்திருப்பான் என்று அதை முடித்தான். நடக்காததைச் சொல்லும் அந்த வினையை, மூன்று மாதமாக அவள் பயிற்சிக் கொப்பியில் பிழையாகவே எழுதிவந்த அந்த வினையை, ஒரு மனிதனின் வாயிலிருந்து இப்போதுதான் கேட்டாள். ஒரு அசை தப்பாமல் விளங்கியது.

விசாரணை அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன சொல்றார், பிள்ளை?"

மொழிபெயர்க்கிறவர் பேசுகிறவராகவே பேச வேண்டும் என்பது செஞ்ஞோராவின் விதி. "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது, "நான்" என்றே சொல்ல வேண்டும். ஸல்ஹா அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் கப்பல்ட அடியறை எண்டுதான் சொன்னனான். கையாலயும் காட்டினனான். இந்தப் பொம்பிளப் பிள்ள வேற இடத்தச் சொல்லிட்டா. அவங்க பூட்டு உடைச்சிட்டு நிண்டாங்க. நேரா வந்திருந்தா என்ட தம்பி உயிரோட இருந்திருப்பான்."

அதிகாரி நிமிர்ந்தார். "எந்தப் பிள்ளை?"

"நான்தான், சேர்."

ஆனந்தராசா தரையைப் பார்த்தார். ஸெய்னுதீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அதிகாரி டொக்டரிடம் திரும்பி, முன்னரே எடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டார். டொக்டர் சொன்னார்: "பத்து நிமிசத்துக்குள்ள எண்டா இருக்கலாம். அதுக்கும் உறுதி சொல்ல ஏலாது."

தற்செயலாக நச்சுவாயு சுவாசித்ததால் மரணம் என்று அதிகாரி எழுதினார். மொழி விளங்காததால் மீட்பு தாமதமானது என்று கடைசியில் அரை வரி. அந்த அடியறைக்குள் ஆளை இறங்கவிட்டவர்களைப் பற்றி ஒன்றுமில்லை.

வெளியே வரும்போது லெயோன்சியோ அவளை நிறுத்தி, "நான் சொன்ன எல்லாவற்றையும் சொன்னீர்களா?" என்று அவன் மொழியில் கேட்டான்.

"எல்லாவற்றையும்."

அவன் தலையை அசைத்தான். அது மன்னிப்பல்ல என்பது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எஃப்ரைனைக் கத்தோலிக்கர் மயானத்தில் அடக்கினார்கள். செவ்வாய்க்கிழமை கப்பல் போனது, அண்ணன்காரனும் அதிலேயே போனான்.

ஜமாலியாவில் கதை வேறாக மாறியது. ஸெய்னுதீனின் மகள் பாஷை தெரியாமலே தெரியுமென்று போய் ஒரு மனிதனைச் சாகடித்துவிட்டாள் என்றார்கள். குறிஞ்சாக்கேணியில் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் காரணம் ஒன்றும் சொல்லாமல் விலகிவிட்டார்கள். ஸெய்னுதீன் இறங்குதுறையை விட்டுக் களஞ்சிய வேலைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாள் மட்டும், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"நான்தான் உன்னக் கூட்டிட்டுப் போனனான்."

"நான்தான் சொன்னனான், வாப்பா."

ஒக்டோபரில் பல்கலைக்கழகம் திறந்தது. ஸல்ஹா திரும்பிப் போய்ச் செஞ்ஞோராவின் அறையில் நின்று நடந்ததை முழுக்க ஸ்பானிய மொழியிலேயே சொன்னாள். இடையில் இரண்டு இடத்தில் இறந்தகாலம் பிழைத்தது, செஞ்ஞோரா திருத்தவில்லை. கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கப்பலோட்டிகள் அதற்கு அடியறை என்று பொருள் வைத்திருப்பது எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லத் தோன்றவில்லை."

ஆறுதல் சொல்லவும் அவர் முயலவில்லை. அதற்காக ஸல்ஹா அவருக்கு நன்றியோடு இருந்தாள். பாடத்தை விட்டுவிடுவதற்கான விண்ணப்பம் பல நாள் அவள் பைக்குள் கிடந்தது. கடைசியில் கொடுக்கவில்லை. ஆனாலும் பழைய ஸல்ஹா வகுப்புக்குத் திரும்பவில்லை. கை உயர்த்துவதை நிறுத்தினாள். தெரிந்த சொல்லையும் அகராதியில் பார்த்தாள். பரீட்சையில் நேரம் போதாமல் இரண்டு கேள்வி விட்டுப்போக, சாதாரணத் தேர்ச்சியோடு வெளியேறினாள். ஊரில் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்க வேலை கிடைத்தது.

எண்பத்திரண்டில் ஆனந்தராசா வீட்டுக்கு வந்தார். வேறொரு கப்பல், கொதிநீர்க் குழாய் வெடித்து உடம்பு வெந்த ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஸ்பானிய மொழி தவிர ஒன்றும் தெரியாது. முதல் நாள் ஸல்ஹா முடியாது என்றாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் பள்ளிவிட்டு வந்தவள் புத்தகங்களை வைத்துவிட்டு, "வாப்பா, என்னோட வாறிங்களா?" என்று கேட்டாள்.

நோயாளி பேசினான். அவள் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். எந்த இடம், கையால் தொட்டுக் காட்டுங்கள் என்றாள். மூன்றாம் தடவையும் அதையே கேட்டபோது அவன் வலியிலும் கோபத்திலும் அழத் தொடங்கினான். தாதி சலித்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தினை தரம் கேக்கப் போறீங்கள், மிஸ்?"

ஸல்ஹா கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, நாலாம் தடவை கேட்டாள்.