மூன்றாவது சிலிண்டர்

என் லாரி திக்கத் தொடங்கியது ஒரு மார்கழியில். குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை ஏற்றி, பொழுது சாய்வதற்குள் ஃபேக்டரியில் இறக்குவதுதான் என் பிழைப்பு. பறித்த இலை மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையை ஃபேக்டரியில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எல்லார் கையிலும் போன் இருந்தாலும் வண்டி எங்கே என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கீழ் வளைவில் என் என்ஜின் முக்குகிற சத்தம் காதில் விழுந்ததும் மூட்டையோடு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அந்தச் சத்தம் இடையிடையே விட்டுப் போனது. முதலில் ஏற்றத்தில் மட்டும், பிறகு சமதளத்திலும். கூடவே வெள்ளைப் புகை. உடனே ஊரில் வாய் இருக்கிறவனெல்லாம் மெக்கானிக் ஆகிவிட்டான். ஒருவர் டீசலில் தண்ணீர் என்றார், இன்னொருவர் பம்ப் என்றார், ஆயுளில் ஸ்டியரிங்கைத் தொட்டிராத ஒரு புண்ணியவான் டயர் என்றார். நான் ஃபில்டரை மாற்றினேன், பைப்பில் அடைத்திருந்த காற்றை எடுத்தேன். எதற்கும் சரியாகவில்லை. எரிச்சலில் ரேடியேட்டரை ஓர் உதைகூட உதைத்தேன், கால்தான் வீங்கியது.

குன்னூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். வேலை செய்கிற சிலிண்டராக இருந்தால் டீசல் நின்றதும் என்ஜின் தள்ளாடும். மூன்றாவதைத் தளர்த்தினார். ஒரு மாற்றமும் இல்லை. செத்தவனுக்குச் சோறு நிறுத்தி என்ன ஆகப்போகிறது? டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றிக் கொடுத்தார். சில நாள் ஓடியது. அப்புறம் மறுபடியும் திக்கல், இந்த முறை உள்ளே டங் டங்கென்று ஓர் அடியும் சேர்ந்துகொண்டது.

அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரை என்ஜின்மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். கழற்றினால் வண்டி நின்றுவிடும். இன்னொரு தடவை இலை தாமதமாக வந்தால் ரூட்டை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஃபேக்டரியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பனி முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளைப் புகையைப் பற்றிக் கேட்டபோது, இந்தக் குளிரில் எந்த வண்டி விடவில்லை என்று நானே அவர் வாயை அடைத்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உறைபனிக் காலத்தில் ரேடியேட்டரில் தண்ணீர் விட்டுவைத்தால் உறைந்து என்ஜினையே பிளந்துவிடும். அதற்கென்று கடையில் விற்கும் திரவம் என் பழைய ரேடியேட்டரில் நிற்காது, கசிந்துவிடும். அதனால் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடித்துவிடுவேன். விடிந்ததும் என் மனைவி அடுப்பில் தண்ணீர் சுடவைத்து ஊற்றுவாள், என்ஜின் இளகிக் கிளம்பும். வருஷக்கணக்காக வெதுவெதுப்பாகத்தான் ஊற்றினாள். அந்த வருஷம் கார்த்திகையிலேயே கடும் பனி. வண்டி கிளம்ப அடம் பிடிக்கப் பிடிக்க, பாவம், அவள் தண்ணீரை இன்னும் நன்றாகக் கொதிக்கவிட்டாள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே ஊற்றுவாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், முழுச் சுமையோடு ஏறும்போது, வளைவில் ஒரு பெரிய அடி. அதோடு என்ஜின் இறுகி நின்றுவிட்டது. மாற்று வண்டி கிடைப்பதற்குள் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன், இலை கொதித்தது. விவசாயிகள் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரூட் போய்விட்டது.

ஹெட்டைக் கழற்றிவிட்டு மெக்கானிக் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்ணா, வண்டி தெனம் எவ்வளவு தண்ணி குடிக்குது?"

எனக்கு எப்படித் தெரியும்? காலையில் அவள் முழுசாக ஊற்றுகிறாள், சாயங்காலம் நான் முழுசாக வடிக்கிறேன். நடுவில் எவ்வளவு காணாமல் போனது என்று யார் பார்த்தது? தினமும் தண்ணீரை வடிக்காத வேறு எந்த ஊர் டிரைவரும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பான். மூன்றாவது சிலிண்டரை ஒட்டி மயிரிழையாக ஒரு விரிசல். தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்கி பிஸ்டன் ராடை வளைத்து, என்ஜின் பிளாக்கையும் உடைத்திருந்தது. அந்த விரிசல் எப்படி வந்தது என்றேன். பனியில் விறைத்த இரும்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் வேறென்ன ஆகும் என்றார்.

யானை செத்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். லாரி செத்தால் காயலான் கடையில் கிலோக் கணக்குத்தான். வீட்டுக்கு வந்து, வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று அவளிடம் சொன்னேன். வேறு எதைச் சொல்வது? அவள் அதை அப்படியே நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? இத்தனை வருஷம் அது ஓடியதே தன் வெந்நீரால்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் அங்கிருந்து நழுவினேன்.

ரூட் கிடைத்தது எங்கள் கீழ் வீட்டுக்காரருக்கு. மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தவர், பழைய லாரி, இந்தப் பனி புதுசு. அவருடைய வண்டியில்தான் நான் இப்போது மூட்டை ஏற்றுகிறேன். சொந்த வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்த அதே வளைவுகளில், பின்னால் சாக்குகளோடு நிற்கிறேன். விவசாயிகள் பேச்சை மாற்றிக்கொண்டு இரக்கத்தோடு பார்க்கிறார்கள். செத்துவிடலாம் போலிருக்கும்.

தை முடிகிற சமயம், ஒரு காலை அவருடைய என்ஜின் எவ்வளவு முயன்றும் கிளம்பவில்லை. நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி கரித்துணியால் குண்டானைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"பாவமுங்க அவரு. நம்ம வண்டிய நான் இப்படித்தானுங்களே காப்பாத்துனேன்."

உடையட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. உடைந்தால் என் கூலியும் போகும், தெரியும். அப்படியும் தோன்றியது. அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். அவள் குண்டானைச் சாய்த்தாள்.

"ஊத்தாத புள்ள," என்று கத்தினேன். "கொதிக்கற தண்ணி ஊத்துனா வெடிச்சுரும்."

அவள் குண்டானை நிமிர்த்தினாள். யார் சொன்னது என்று கேட்டாள். மெக்கானிக் என்றேன்.

"எப்பச் சொன்னாருங்க?"

நான் குனிந்து நுரையைத் துப்பினேன். அவள் குண்டானை ரோட்டோரத்தில் இறக்கி வைத்தாள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து ஊற்றலாமா என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.