எல்லார் முன்னாலும்

தையல் கம்பெனியில் மேற்பார்வை பார்ப்பவளைக் கறார் அக்கா என்பார்கள். இடுப்பு வலி என்று அடிக்கடி உட்கார்ந்துவிடும், பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரியை ஒருநாள், "உடம்பு வளையல, சாக்கு சொல்றா" என்று எல்லார் முன்னாலும் ஏசினாள். அந்தப் பெண் வேலையை விட்டே நின்றுவிட்டாள்.

அடுத்த மாதம் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை நடந்தது. நாற்பது பேரில் முப்பத்தொரு பேருக்கு வைட்டமின் டி குறைவு. தன் முழங்கால் வலியை இத்தனை நாள் மறைத்துவந்த அக்காவுக்குத்தான் எல்லாரையும்விடக் குறைவு.

"பகலெல்லாம் வெயிலே படாம உள்ள கிடந்தா எலும்பு வலிக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று மாலையே காஜாக்காரியின் வீட்டுக்குப் போனாள்.

"தப்பாப் பேசிட்டேம்மா. மன்னிச்சிடு."

"அதை இங்க வந்து சொல்றீங்களேக்கா. அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க?"

மறுநாள் காலை அக்கா மெஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னாள். காஜாக்காரி மட்டும் திரும்பி வரவேயில்லை.