கொப்பியில் இல்லாத பக்கம்

இந்த நாட்டில் வீட்டுக் கதவில் பெயர் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் கடிதம் வராது. நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு வந்த முதல் வாரமே, ஒட்டிய பெயரை நான் இரண்டு முறை உரித்துவிட்டேன். "இஞ்ச ஆர் உங்களத் தேடி வரப்போறான்?" என்று மனைவி மலர் சிரித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அது பட்டப்பகலிலும் தெரிந்தது.

மலர் எங்கள் ஊர்ப்பக்கத்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முனைவரானவள். அதற்குப் பிந்திய ஆய்வுக்கு இங்கே இடம் கிடைத்தது. கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய்மார் எப்படி எழுந்து நடக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், அவளுடைய சாரதியும் எழுத்தரும். சுனாமிக்குப் பிந்திய மாதங்களில் ஆரையம்பதியிலிருந்து குருக்கள்மடம் வரை கடலோர ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் போவோம். அவள் கேட்பாள், நான் எழுதுவேன். அந்நாளில் கொப்பியும் பேனாவும் கண்டால் சனம் நிவாரணப் பதிவு என்றே நினைக்கும். கேட்காமலே குடும்பம் முழுவதையும் ஒப்புவிக்கும். செத்தவர் யார், இருப்பவர் யார், எங்கே இருக்கிறார், எல்லாம். குருக்கள்மடத்து யோகம் அக்காவும் அப்படித்தான் சொன்னார்: "சின்னவள் சுதா, ஆறு வயசு, கடலோட போயிட்டாள். மூத்தவன் இயக்கத்தில." மூத்தவனின் பெயரோடு சேர்த்து அப்படியே எழுதினேன். என் பிழை அதுதான்.

இப்போது போர் முடிந்துவிட்டது. மலரின் ஆய்வு இன்னும் ஓராண்டு நீளவேண்டுமானால், மூலக் கொப்பிகளை இங்குள்ள பல்கலைக்கழகக் காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டும். "உங்கள் போர்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன பயம்?" என்று மலரின் பேராசிரியை அன்போடு கேட்டார். உடனே எழுந்துபோய், காப்பக அலுமாரியின் பூட்டை இழுத்துக் காட்டினார். அந்தப் பூட்டின் திறப்பு நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று கேட்க எனக்கு மொழி போதவில்லை.

யோகம் அக்காவின் மகன் உயிரோடு திரும்பி, செங்கலடியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். இயக்கத்தில் இருந்தது தெரிந்தால் பிடித்துப்போவார்கள் என்று, கட்டாரில் வேலைசெய்துவிட்டு வந்தவன் என்றுதான் ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். என்னோடு தொலைபேசியில் பேசும்போதும் யோகம் அக்கா அவனைக் கட்டார்க்காரன் என்றே சொல்வார்.

"பக்கத்து வீட்டுக்காரி கேக்கிறாள் தம்பி, கட்டார்க்காரன் ஒரு சவுக்காரக்கட்டியும் கொண்டு வரல்லையோ எண்டு." அக்கா சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "உன்ர கொப்பியில அவன்ர கதையும் கிடக்கோ?"

"ஓம் அக்கா. எரிச்சிடுறன்."

அக்கா அவசரமாகத் தடுத்தார்.

"எரிக்காத மனே. சின்னவள்ர படம், சட்டை எல்லாம் கடல் கொண்டுபோயிட்டு. அவள்ர பேர நான் சொல்லி எழுதினது அதில மட்டும்தான்."

மகனின் பெயரை மையால் மறைக்கலாமா என்று பார்த்தேன். பேனாவை அழுத்தி எழுதுவது என் பழக்கம். தாளின் பின்பக்கத்தில் எழுத்துகள் தழும்புபோலப் புடைத்து நின்றன. பிளேடால் பக்கத்தையே அறுத்தெடுத்தேன். மலர் பார்த்துக்கொண்டு நின்றாள். "கேட்டா நான்தான் எடுத்தன் எண்டு சொல்லுவன்" என்றாள். அப்படியே கொப்பியை ஒப்படைத்தாள்.

ஆய்வு நீளுமா என்ற பதில் இன்னும் வரவில்லை. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லையாம். ஒற்றைத் தாள் இவ்வளவு கனக்குமென்று அதைச் சொன்னவருக்குத் தெரியாது. வெளியே கதவில் எங்கள் பெயர் ஒட்டியிருக்கிறது. உள்ளே, கொளுக்கியில் தொங்கும் குளிர்க்கோட்டின் பையில், அண்ணனும் தங்கையும் ஒரே தாளில் மடிந்திருக்கிறார்கள். படியில் தபால்காரரின் காலடி கேட்கும்போது என் கை முதலில் போவது கதவுக்கல்ல, அந்தக் கோட்டுக்கு.