ரைட் என்றால் வலப்பக்கம் அல்ல: தெல்தோட்டை மலையில் ஒரு ஜீப் பரீட்சை

ஜீப்பை மாற்றுவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பல மாதங்களாக ஒரே பேச்சு. பேச்சு என்றால், நான் பேசுவேன், வீட்டுக்காரர் டீவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் குறைந்தது. மலைப்பாதைக்கு வண்டி மாற்ற நினைப்பவர்கள், அதிலும் வீட்டில் நோயாளி உள்ளவர்கள், படித்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு வண்டி விஷயம் பெரிதாகத் தெரியாது. நான் ஒரு பயந்தாங்கொள்ளி, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் ஏற்றம். இந்த ஆறுக்கு மட்டும் முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். ஒரு காலத்தில் தார் போட்டிருந்தார்கள் என்பதற்கு இரண்டு இடங்களில் அடையாளம் இருக்கிறது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுக்காரர் யோகராஜ் கல்யாணத்துக்கு முன்பு தெல்தோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பிறகு ஒரு பழைய ஜீப்பை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடினார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதும் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்திகரிக்கக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆகவே ஜீப் மலையில் நின்றுவிடக் கூடாது. என்னுடைய பயமெல்லாம் இதுதான்.

பழைய ஜீப்பில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமானால் ஒருவர் இறங்கி, முன் சக்கரங்களின் நடுவிலுள்ள குமிழைக் கையால் திருக வேண்டும். அதை அவர்தான் செய்வார். ஒரே மூச்சில் திருப்ப முடியாத கூர்வளைவு முடக்குகளிலும் அவர்தான் இறங்கிப் பின்னால் நின்று வழி காட்டுவார். கண்டக்டர் பழக்கம் போகவில்லை. வண்டியின் பொடித் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் எடு. இடையில் “ரைட், ரைட்” என்று குரல் வந்துகொண்டிருக்கும். இங்கே பஸ் ஏறிய எவருக்கும் தெரியும், ரைட் என்றால் வலப்பக்கம் அல்ல. சரி, போகலாம் என்று அர்த்தம்.

அந்தச் செவ்வாய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மூன்றாவது முடக்கில் டயர் சறுக்கியது. வழக்கம்போல் குமிழைத் திருக இறங்கினார். சுத்திகரித்து வரும் நாளில் பிரஷர் இறங்கிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குனிந்தவர் நிமிரவில்லை, அப்படியே ரோட்டோரக் கானுக்குள் உட்கார்ந்துவிட்டார். கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஹேண்ட் பிரேக் அந்த ஏற்றத்தில் பிடிக்காது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஜீப் உருளும். ஆகவே அவர் தானாக எழுந்திருக்கும்வரை நான் ஸீட்டில் உட்கார்ந்தபடி அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். கட்டிய புருஷன் நாலடி தூரத்தில் நனைந்துகொண்டு கிடக்கிறார், என்னால் இறங்க முடியவில்லை. மறுநாளே மடவளை ரிஸ்வி நானாவுக்குப் போன் போட்டேன். வீட்டு முற்றத்தில் வைத்தே வாகனம் வாங்கி விற்கிறவர், யோகராஜுக்கு ஹயர் காலத்துப் பழக்கம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஞாயிறென்றாலும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசல் இருக்கும், நேரத்தைக் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். மடவளைக்குப் போய்ச் சேரப் பத்தாகிவிட்டது. ரிஸ்வி நானாவின் முற்றத்தில் அந்தச் சாம்பல் நிற ஜீப் கழுவித் துடைத்து நின்றது. புதியது என்று சொன்னாலும் எட்டு வருடம் ஓடியதுதான். எங்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் புதுப் பெண்ணாட்டம் இருந்தது.

“ஏறிப் பாருங்கொ டீச்சர், மெத்தையில குந்தி ஈக்கிற மாதிரி ஈக்கும்” என்றார் நானா. “இனி ஆள் எறங்கத் தேவயில்ல. இந்தப் பொத்தான அமத்தினா நாலு சில்லும் இழுக்கும். பின்னுக்குப் போறண்டா எல்லாம் இந்தத் திரையில தெரியும்.”

யோகராஜ் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். உள்ளே ஏறி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

“நானா, கண்ணாடிய ஏத்துனா வெளிச் சத்தமே கேக்கலயே.”

“அதுதானே நல்லம்!”

அவர் கண்ணாடியை மறுபடி இறக்கினார். முகம் சுருங்கியதை நான் கவனித்தேன். ஆனால் என் யோசனை முழுக்க ஹேண்ட் பிரேக்கில் இருந்தது.

எங்கள் ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நானா தலையைச் சொறிந்தார், பெயிண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு “செரி, நானும் வாரன்” என்று பின் ஸீட்டில் ஏறினார். பழைய ஜீப்பை அவர் முற்றத்திலேயே விட்டோம்.

கலஹாவில் நிறுத்தி ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டோம். எனக்குப் பாதி ரொட்டிக்கு மேல் இறங்கவில்லை. தெல்தோட்டையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியபோது மணி ஒன்றரை, தூறலும் தொடங்கியிருந்தது. பொத்தானை அழுத்தினேன். மூன்றாவது முடக்கில், செவ்வாய்க்கிழமை அவர் விழுந்த அதே இடத்தில், வண்டி ஒரு தடவைகூடச் சறுக்காமல் ஏறியது. எனக்கு அழுகை வந்தது. இந்த வண்டிதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அடுத்த முடக்கில் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி எதிரே இறங்கி வந்து நின்றது. பாரத்தோடு அது பின்னால் ஏற முடியாது, நாங்கள்தான் பின்வாங்க வேண்டும். நான் ரிவர்ஸ் போடுவதற்குள் யோகராஜ் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அதுதானே எங்கள் வழக்கம்? வலப்பக்கம் பள்ளம். பள்ளத்து ஓரமாக, என் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி போய் நின்றார்.

மழைக்காகக் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. திரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடுகள். நான் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் “ரைட்… ரைட்…” என்று கேட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்டுப் பழகிய சொல். ஆனால் அந்தப் புது வண்டியில், அந்தக் கோடுகளுக்கு முன்னால், என் புத்தி அதை வலப்பக்கம் என்று எடுத்துக்கொண்டது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி, அவரை நோக்கிப் போனது.

அவர் ஒரு தட்டு தட்டியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. வண்டி தானாகவே கீகீ என்று கத்தத் தொடங்கியது, ரிஸ்வி நானா “யா அல்லாஹ், நிப்பாட்டுங்கொ!” என்று அலறினார். திரையில் சிவப்புக் கோட்டுக்குள் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. வீங்கிய காலுக்காக நான் வாரை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்த செருப்பு. பிரேக்கில் ஏறி நின்றேன்.

ஹேண்ட் பிரேக் பிடித்தது. இந்தத் தடவை என்னால் இறங்கி ஓட முடிந்தது. அவர் வண்டியின் பின்கதவில் கையை ஊன்றியபடி நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு முழம் மண், அதற்குப் பிறகு தேயிலைச் சரிவு.

“ரைட்டுன்னுதானே சொன்னேன்” என்றார், மூச்சு வாங்கியபடி. “ரைட்டுக்கு ஒடிக்கவா சொன்னேன்?”

“தட்டக் கூடாதா?”

“தட்டுனேன் புள்ள. ஒனக்குக் கேக்கல.”

அவரை அணைத்துக் கதவருகே கூட்டிவந்தேன். தானாகப் படியில் காலை வைக்க முடியவில்லை, நானாவும் நானும் தூக்கித்தான் ஏற்றினோம். லொறி டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“இனிமே நீங்க எறங்கக் கூடாது. எந்த வண்டியா இருந்தாலும் சரி, எறங்கவே கூடாது” என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்தார். “அப்ப எனக்கு இதுல என்னா வேல? மூட்ட மாதிரி குந்திக்கிட்டு வரவா?”

இத்தனை மாதமும் டீவி சத்தத்தைக் கூட்டியது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. பழைய ஜீப் அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது, குமிழ் திருகுகிற வேலை, தட்டுகிற வேலை. அந்த வேலையே அவரைக் கானில் தள்ளியது. நான் ஜீப்பை மாற்றுவதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லொறி ஹோர்ன் அடித்தது. நான் நாலு கண்ணாடியையும் இறக்கினேன். மழை உள்ளே அடித்தது, நானா தன் ஸீட் நனைவதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“குந்திக்கிட்டே தட்டுங்க” என்றேன். “நான் திரையையும் பள்ளத்தையும் பாக்குறேன், நீங்க ஒங்க பக்கத்து ஓரத்தப் பாருங்க.”

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றுவது அவருக்கு வலக்கையில், அந்தக் கையால் ஓங்கித் தட்டக் கூடாது. இடக்கை மிச்சம் இருந்தது. தலையையும் அந்தக் கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கினேன். அகலமான இடம் வந்ததும் கதவின் வெளிப்பக்கம் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது. நிறுத்தினேன். லொறி உரசுகிற மாதிரி இறங்கிப் போனது.

ஜீப்பை வாங்கிவிட்டோம். சரியான முடிவா என்று இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீசல் பழையதைவிடக் கூடவே குடிக்கிறது. பழையது கெட்டால் கலஹாவிலேயே செய்துவிடலாம், இது கம்பியூட்டர், கண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நீங்கள் வாங்கப் போனால் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நீங்கள் தினம் ஏறுகிற ரோட்டுக்குக் கொண்டுபோங்கள், மழை நாளாக இருந்தால் நல்லது. ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கில் விட்டுப் பாருங்கள். நோயாளியைத் தானாக ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். படி உயரமாக இருந்ததால் நாங்கள் கீழே இன்னொரு படி ஒட்டவைத்தோம். கூட வருகிறவரிடம் ரைட் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று புறப்படுமுன் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் வேண்டுமானால் ஆறரைக்கு முன் போய்விட வேண்டும்.

ஜீப்பை வாங்கிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. ஏசி வேலை செய்கிற வண்டியில் கண்ணாடியை இறக்கிவிட்டு நனைந்துகொண்டே ஏறினோம். மூன்றாவது முடக்கில் எதிரே ஒரு த்ரீவீல் வந்தது, ஒதுங்கி நிறுத்தினேன். அது போனதும் நான் கிளம்பவில்லை. யோகராஜ் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன். மெதுவாக இடக்கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. கதவில் இரண்டு தட்டு விழுந்ததும் எடுத்தேன்.