பேக்கரிக்காரர் தூங்கிப் பார்த்த வீடுகள்

ஆண்டவன் எல்லோருக்கும் ராத்திரியைத் தூங்கக் கொடுத்தான். பேக்கரிக்காரருக்கு மட்டும் பகலைக் கொடுத்தான். ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்று ரொட்டி சுடுவது அவர் வேலை. ஊர் எழும்போது அவர் படுப்பார். வாடகை வீட்டுக்கோ தகரக் கூரை. வெயில் ஏற ஏற, ஒரு பக்கம் வெந்ததும் மறுபக்கம் திருப்பிப் போட்ட மாதிரி புரண்டுகொண்டிருப்பார்.

அதனால் சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதும் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. பகலில் தூக்கம் வர வேண்டும். மனைவியின் ஆசை வேறு. அண்ணன் வீட்டைப் போலவே மேற்கே பார்த்து, கீழிருந்து மேல்வரை கண்ணாடி வைக்க வேண்டும்.

“ரெண்டு ஏசி மாட்டிட்டா தீர்ந்துது மாப்ளே,” என்றார் அந்த மச்சான். அதோடு விடாமல், விலை பேசக் கண்ணாடிக்காரரையும் வரச் சொல்லிவிட்டார்.

பேக்கரிக்காரருக்கு வாதாடத் தெரியாது. தூங்கத் தெரியும். சரி, தெரிந்ததை வைத்தே பார்ப்போம் என்று கிளம்பினார். வேலை முடிந்ததும் நலம் விசாரிக்கிற சாக்கில் யார் வீட்டுக்காவது போவது, பேச்சு நடுவில் மெல்லச் சாய்ந்துவிடுவது. தங்கை வீட்டின் வெறும் காங்கிரீட் கூரை மதியத்துக்குள் அவரைக் குழாயடிக்கு விரட்டியது. மச்சான் வீட்டில் ஏசி ஓடியவரை சொர்க்கம்தான். கரண்ட் போனதும் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி வந்து அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

கண்ணாடிக்காரர் வருவதற்கு முந்தின நாள், சிநேகிதரான தபால்காரர் வீட்டுக்குப் போனார். உள்ளே துளை விட்ட செங்கல் சுவர், மொட்டைமாடியில் வெள்ளை ஓடு, எதிரெதிராக ஜன்னல்கள். மேற்கில் மட்டும் சின்னதாக ஒன்று, அதற்கும் அகலமான சன்ஷேடு. ‘அஞ்சு நிமிஷம்’ என்று படுத்தவர் சாப்பாட்டுக்கும் எழவில்லை. தபால்காரர் மனைவி உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. மூக்கின் கீழ் விரலை வைத்தாள். மூச்சு நன்றாகவே வந்தது. ஆனாலும் நமக்கு எதற்கு வம்பு என்று அவர் மனைவிக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

கொளுத்தும் வெயிலில் கும்பிடாத சாமியில்லை என்று ஓடிவந்தாள் அவள். புருஷன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. எழுந்ததும் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்தாள். சுவர் சில்லென்று இருந்தது.

சாயங்காலம் தபால்காரர் வந்து பார்த்தபோது கூடத்தில் இரண்டு பேர் கிடந்தார்கள். அவருக்கு உட்கார இடமில்லை.

பேச்சுக் குரல் கேட்டு முதலில் விழித்தவள் அவள்தான். முடியை அள்ளி முடிந்துகொண்டு, இது என்ன செங்கல், எங்கே கிடைக்கும் என்று தபால்காரரிடம் விசாரித்தாள். பிறகு புருஷனை இடித்தாள்.

“இந்தாங்க, நாளைக்குக் கண்ணாடிக்காரர் வர வேணாம்னு அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

“நான் எப்படிம்மா சொல்றது? தூங்கிட்டிருக்கேன்ல,” என்று சொல்லிவிட்டு அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.