பதினெட்டுத் தலைமுறையும் ஒரு சிமெண்ட் வியாபாரியும்

ஜெய்சல்மேருக்கு வருகிற ஆட்களுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். காலையில் கோட்டை, பிறகு ஹவேலி மாளிகைகள், மத்தியானம் கடிசர் ஏரி, நாலு மணிக்கு ஆளில்லாத குல்தாரா, ஐந்தரைக்குச் சம் மணல்மேடு. ஒட்டகத்தில் ஏறி, சூரியன் இறங்குவதைப் பார்த்து, கூடாரத்தில் பாட்டுக் கேட்டு, சாப்பிட்டுத் தூங்கினால் பாலைவனம் முடிந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த வழியில் ஜீப் ஓட்டுகிறேன். குல்தாராவில் இடிந்த கிணற்றுக்குள் வளையல் சத்தம் கேட்கும் என்று நானாக ஒரு கதை கட்டிவிட்டேன். இப்போது எல்லா ஓட்டுநர்களும் அதைச் சொல்கிறார்கள். போன வருடம் தில்லிக்காரி ஒருத்தி அதே கதையை எனக்கே சொல்லி, ஜாக்கிரதையாக இருக்கும்படி புத்தி சொன்னாள்.

இப்படிப் புளுகிச் சம்பாதித்ததில் எனக்கு ஒருநாளும் உறுத்தல் இருந்ததில்லை. பீரு கான் விஷயத்தில்தான் உறுத்துகிறது.

பீரு கான் எங்கள் ஊர் மாங்கணியார். ஐந்து வேளை தொழுகிறவர். ஆனாலும் ராஜபுத்திர வீட்டுக்குப் பரம்பரைப் பாடகர். எசமான் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும், சாவு விழுந்தாலும் மாங்கணியார் வந்து பாடினால்தான் அது நடந்ததாக அர்த்தம். பீருவின் குடும்பம் தாக்கூர் தான் சிங் என்பவர் வீட்டைச் சேர்ந்தது. சந்திரனைத் தொட்டுத் தொடங்கி, அந்த வீட்டின் பதினெட்டுத் தலைமுறையும் பீருவின் வாயில் இருந்தது. எழுதி வைத்த ஏடு கிடையாது. யார் யாருக்கு மகன், எவன் எந்தக் கிணற்றை வெட்டினான், எவன் எந்தச் சண்டையில் விழுந்தான், எல்லாம் கமாய்ச்சா வாத்தியத்தில் வில் போட்ட மாத்திரத்தில் வரிசையாக வந்து நிற்கும்.

அவருக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. கல்யாணப் பந்தியில் பருப்பில் உப்பு குறைந்தால் சமையல்காரனைக் கூப்பிட்டு விசாரிப்பார். தலைப்பாகை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. "என்ன அண்ணே, கலெக்டர் மாதிரி மிடுக்கு?" என்று நான் சீண்டுவேன்.

"நான் வாயை மூடினா எசமானோட பாட்டனுக்குப் பாட்டன் இன்னொரு தடவ சாவான்டா நார்ணா. உன் ஜீப் நின்னா எவன் சாவான்?"

ஆயுளில் ஒரே ஒரு காரியத்துக்காக அவர் காத்திருந்தார். தாக்கூர் இறந்த பன்னிரண்டாம் நாள் மகனுக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். பங்காளிகள் அத்தனை பேர் முன்னிலையில் பாடகன் வம்சத்தை முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்து, கடைசியில் புதுப் பெயரைச் சேர்க்க வேண்டும். அப்போதிலிருந்துதான் அவன் அந்த வீட்டின் தலைவன். தான் சிங்குக்குப் பீருவின் அப்பா பாடினார். தான் சிங்கின் மகன் லோகேந்திர சிங்குக்குப் பீரு பாட வேண்டும். கிழவர் சாக வேண்டும் என்று அவர் நினைத்தவர் இல்லை. அந்த நாளில் தன் தொண்டை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார். அதற்காகக் குளிர்காலத்தில் தயிரைக்கூடத் தொட மாட்டார்.

லோகேந்திர சிங் ஜெய்ப்பூரில் ஹோட்டல் படிப்பு படித்துவிட்டு வந்து, சம் மணலில் முப்பது கூடாரம் போட்டான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை சாயங்காலங்களில் பீரு அங்கே பாட வேண்டும். நான் ஆள் கொண்டுவந்து இறக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அவன்தான் படியளந்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் ஜீப்பில் மன்சுக் பாய் என்று ஒருவர் வந்தார். சூரத்தில் சிமெண்ட் வியாபாரம். அன்று பீரு தாக்கூர் வம்சத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாடினார். மற்றவர்கள் பக்கோடா தின்றுகொண்டிருந்தார்கள். மன்சுக் பாய் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "எனக்கெல்லாம் தாத்தா பேருக்கு மேல தெரியாதுப்பா" என்று என்னிடம் சொன்னார். நல்ல மனுஷன். எனக்கு அப்போது அவருடைய நல்ல மனசு கண்ணில் படவில்லை, கனமான பர்ஸ்தான் பட்டது. பீரு மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் காதருகே குனிந்தேன்.

"அண்ணே, கடைசியில இந்த ஆளு பேரையும் சொருகிவிடுங்க."

"போடா. அது என்ன பைஜாமா நாடாவா, சொருகறதுக்கு?"

"இந்த மணல்ல யாருக்குத் தெரியப்போகுது? ஆளு அழுதுடுவான் பாருங்க."

பீருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷனுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு. பதினெட்டாவது பெயரை முடித்து, 'தான் சிங்கின் மகன் மன்சுக் சிங்' என்று இழுத்தார் பாருங்கள், சிமெண்ட் வியாபாரி நிஜமாகவே அழுதுவிட்டார். எழுந்து வந்து பீருவின் காலைத் தொட்டார். ஓட்டுநர்கள் நாங்கள் கூடாரத்துக்குப் பின்னால் போய் விழுந்து விழுந்து சிரித்தோம். பீரு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மறுநாளே முகாம் வாசலில் பலகை எழுதி வைத்துவிட்டான் லோகேந்திரன்: 'அரச வம்சத்தில் உங்கள் பெயர்.' கட்டணம் தனி.

பீரு முடியாது என்றார். "நேத்து ஏதோ வேடிக்கைக்குப் பாடினேன், சின்ன எசமான். அது உங்க வீட்டு ரத்தம்."

"ஒரு தடவ பாடினவன்தானே நீ? ரெண்டாவது தடவைக்கு என்ன கற்பு?" என்றான் அவன்.

தலைக்கனம் பிடித்த மனுஷன் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் எதிரில் நின்றபடி யோசித்தார். அதற்குப் பிறகு தினமும் ஒரு மகன் பிறந்தான் தான் சிங்குக்கு. இந்தூர் பல் டாக்டர், புனே கம்ப்யூட்டர்காரன், தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளை. கல்கத்தா பெண்மணி ஒருத்தி தன் நாயின் பெயரைக் கொடுத்தாள். அதையும் பாடினார்.

காலையில் மட்டும், நோயில் படுத்துவிட்ட தாக்கூரிடம் போய், சரியான வம்சத்தைச் சரியாகப் பாடிவிட்டு வருவார். "வாயைக் கழுவிக்கறேன்" என்பார் என்னிடம். கிழவர் ஒருமுறை கேட்டாராம், "மணல்ல என்ன பாடுற பீரு?" என்று.

"மழைப் பாட்டு, எசமான்."

"பாடு, பாடு. இந்த ஊருக்குப் பாட்டாவது வரட்டும்."

தான் சிங் இறந்தது டிசம்பர் கடைசியில். வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிற வாரம், முப்பது கூடாரமும் நிரம்பியிருந்தது. எசமான் இறந்தால் பன்னிரண்டு நாள் மாங்கணியார் வாத்தியத்தைத் தொடக்கூடாது. பீரு கமாய்ச்சாவின் தந்திகளைத் தளர்த்தித் துணியில் சுற்றி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் லோகேந்திரன் மொட்டைத் தலையில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு பீருவின் வீட்டு வாசலில் என் ஜீப்பிலேயே வந்து இறங்கினான்.

"சாயங்காலம் வந்துடு."

"பெரிய எசமான் போய் மூணு நாள்தான் ஆகுது."

"செத்தது எங்கப்பா. வந்திருக்கறவங்களுக்கு யாரும் சாகல. காசு கட்டிட்டு உக்காந்திருக்காங்க."

"பங்காளிங்க காதுல விழுந்தா?"

"முகாம் இங்கேருந்து ஒன்பது கிலோமீட்டர். காத்தடிச்சாலும் கேக்காது. உனக்கு முடியலன்னா விடு. ஆனா பன்னிரண்டாம் நாளும் நீ வர வேணாம். மைக் பிடிச்சுப் பாட ஜோத்பூர்ல ஆளுங்க இருக்காங்க."

பீரு என்னைப் பார்த்தார். நான் ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தேன். அன்று மாலை கமாய்ச்சாவைப் போர்வையில் மூடி, பின் இருக்கையில் கிடத்திக்கொண்டு போனோம். அந்த வருடமும் மன்சுக் பாய் வந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் வருவார். இந்த முறை அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் கூட்டிக்கொண்டு ஒன்பது நாளுக்கு வந்திருந்தார். சொந்தக்காரர்கள் முன்னால் தன் பெயர் ஒலிக்க வேண்டும் என்று தினமும் கேட்டார். தினமும் ஒலித்தது. சாவு வீட்டு விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் எழுந்து போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் தாக்கூர் வீட்டு முற்றத்தில் ஜமுக்காளம் விரித்து இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லோகேந்திரன் நடுவில். அவனுடைய சித்தப்பா பைரோ சிங் காவித் தலைப்பாகைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர்கள் நாங்கள் செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றோம். பீரு சலவை செய்த வேட்டி, புதுத் தலைப்பாகையோடு உட்கார்ந்து வில்லைப் போட்டார்.

அப்படி அவர் பாடி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் கிளையைச் சேர்ந்த கிழவர்கள் கையை உயர்த்தினார்கள். பைரோ சிங் துணியை லோகேந்திரன் தலையில் சுற்றிக்கொண்டே வந்தார், பெயருக்கு ஒரு சுற்று. தான் சிங் என்ற பெயர் வந்தபோது பலபேர் கண்ணைத் துடைத்தார்கள். பீரு மூச்சை இழுத்தார். கண்ணை மூடினார்.

"தான் சிங்கின் மகன் மன்சுக் சிங்."

தான் சொன்னது அவருக்கே தெரியவில்லை. வில் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தது. பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

பின்வரிசையில் எவனோ சிரித்தான். பைரோ சிங்கின் கையில் துணி பாதியில் நின்றது. "யாருடா அது மன்சுக்?"

பீரு லோகேந்திரனைப் பார்த்தார். அவன் ஜமுக்காளத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும்: பலகை எழுதி வைத்தது யார், சாவுத் தீட்டில் பாடச் சொன்னது யார் என்று. இருநூறு பேர் முன்னால் தான் சிங்கின் மகனுடைய மானம் போயிருக்கும். நானும் சொல்லியிருக்கலாம், வாய் இருந்தது.

"வயசாயிடுச்சு எசமான். நாக்கு குழறிடுச்சு" என்றார் பீரு.

"குடிச்சிட்டு வந்திருக்கான். வெளியே அனுப்புங்க" என்றான் லோகேந்திரன்.

வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, எசமானுக்கு முதுகு காட்டாமல், பின்வாக்கிலேயே நடந்து வாசல் வரை போனார். மீதித் தலைப்பாகையைப் பாட்டில்லாமலே கட்டி முடித்தார்கள்.

ஊரில் எல்லோரும் ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள். எசமானால் மாங்கணியாரை விலக்க முடியாது. மாங்கணியார் எசமானை விலக்கலாம். தன் தலைப்பாகையைக் கழற்றி, வாத்தியத்தின் தந்திகளை அறுத்து, இரண்டையும் அந்த வீட்டு வாசலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் தீர்ந்தது. பிறகு அந்த வீட்டுக்கு எந்த மாங்கணியாரும் பாட வரமாட்டான். பெண் கொடுக்கிறவர்கள்கூட இரண்டு தடவை யோசிப்பார்கள். லோகேந்திரனுக்கு உள்ளூரப் பயம்தான், வாசலில் இரண்டு ஆளை நிறுத்தியிருந்தான். வாய் மட்டும் அடங்கவில்லை. "தோண்டட்டுமே, அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுடலாம்" என்றான் எங்களிடம். நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

நாலு நாள் பீரு வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் காலை ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெருவில் அவர் வந்தார். வெறுந்தலை. நரைத்துப்போன, சின்னத் தலை. ஒரு கையில் தலைப்பாகையும் தந்திச் சுருளும், இன்னொரு கையில் மண்வெட்டி. தாக்கூர் வீதிக்குத் திரும்புவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பவில்லை. நேராக வந்து என் வீட்டுப் படலுக்கு முன்னால் நின்று மண்ணை வெட்ட ஆரம்பித்தார்.

"அண்ணே, தாக்கூர் வீடு அந்தப் பக்கம்."

"தெரியும்."

"இது என் வாசல்."

"அதுவும் தெரியும்."

வாளியை வைத்துவிட்டு அவரிடம் போனேன். "நான் என்ன உங்க எசமானா? எங்க சாதிக்கு வம்சம் பாட ஆளே கிடையாதே, அண்ணே."

அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அந்த வாசல்ல எங்கப்பன் பாடினான், பாட்டன் பாடினான். அங்க மண்வெட்டி போட எனக்குக் கை வரல. லோகேந்திரனுக்கு இது என்னன்னே தெரியாது, தெரியாம வித்தான். நீ அப்படியா? சின்ன வயசுலேருந்து என் பாட்டைக் கேட்டவன். இது என்னன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே என் காதுல வந்து சொன்னே."

தந்திகளைக் குழியில் போட்டார். மேலே தலைப்பாகையை வைத்தார். மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். நான் கையில் ஈரத் துணியோடு நின்றேன். என் மனைவி உள்ளிருந்து வந்து, அவர் என்ன புதைத்துவிட்டுப் போகிறார் என்று கேட்டாள். நான் ஜீப்பைத் துடைக்கப் போனேன்.

பத்து மணிக்கு எனக்குக் கோட்டைச் சவாரி இருந்தது. ஜீப்பை வெளியே எடுக்க என் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. அந்த மண்மேல் ஏற்றித்தான் எடுத்தேன். தினமும் அப்படித்தான் எடுக்கிறேன்.