கறுப்புக் கல்லுக்குக் கற்பூரம்

கிரிவலப் பாதையில் எந்தக் கல்லைக் கண்டாலும் நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். கிலோமீட்டர் கல்லைக்கூட விட்டுவைத்ததில்லை. அப்படித்தான் அடி அண்ணாமலையில் ஒரு கறுப்புக் கல்லின் முன் கற்பூரம் ஏற்றி, முகம் என்று நினைத்த இடத்தில் விபூதியை அப்பினேன்.

எதிரே இளநீர் விற்ற அம்மா எழுந்து வந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் அரிவாள். எனக்கு அரிவாள் மட்டுமே தெரிந்தது.

"சாமி இல்லீங்க சார் அது. சண்டையில செத்துப்போன எங்க ஊரு பட்டாளத்துக்காரங்க. கரி புடிச்சா பேரே தெரிய மாட்டேங்குது."

அழுத்தித் துடைத்தார். நான்கு பெயர்கள் வெளியே வந்தன.

"கற்பூரம் வெச்சீங்க இல்ல, படிச்சிட்டுப் போங்க. எல்லாரையும் படிக்க வெச்சுதான் வுடுவேன். சத்தமா சார், ரோட்டுல போறவங்களுக்கும் கேக்கட்டும்."

பள்ளிப் பையன்போலக் கைகட்டிப் படித்தேன். கூடவே அவர் உதடுகளும் அசைந்தன. நான்கில் யார் அவருக்குச் சொந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடித்ததும் அசடு வழியச் சொன்னேன்: "சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர் வேணும்னு இவங்ககிட்ட வேண்டிக்கிட்டேம்மா."

"அவங்களே ஊருக்கு வரலீங்களே சார்."